அவர் ஏன் இப்போது வருவதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதங்களில் மூன்று நீலகிரியிலிருந்து வந்திருக்கின்றன; மூன்றுமே சித்திரக்கதைகளைப் பற்றியவை. நானும் குன்னூரில் வளர்ந்தவன் என்பதால், மற்ற ஊர் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பல ஆண்டுகளாக வரும் சித்திரக்கதைகளில் துணைப் பாத்திரங்கள் திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறார்கள். இது படைப்பாளியின் மறதியா, அலட்சியமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: பெரும்பாலும் இரண்டுமில்லை அம்மா, இடநெருக்கடிதான் காரணம். நாளிதழில் வரும் பட்டைக் கதைக்கு மூன்று நான்கு கட்டங்களே உண்டு. ஒவ்வொரு பேச்சுக் குமிழும் படத்தின் இடத்தைத் தின்றுவிடும் என்பதால், நான்காவது ஆள் வாய் திறந்தால் முதல் ஆளின் தலைக்கு இடமிருக்காது. 1978-இல் தொடங்கிய கார்ஃபீல்டு பூனைக் கதையில் லைமன் என்ற மீசைக்காரர் இருந்தார். பூனையின் எஜமானரான ஜானுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்பதற்காக அவரைக் கொண்டுவந்தார்கள். போகப்போகப் பூனையும் எஜமானரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே போதுமான வேடிக்கை என்று தெரிந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் லைமன் விடைபெறாமலே போய்விட்டார். அவர் கூட்டிவந்த ஓடி என்ற நாய் மட்டும் இன்றுவரை அந்த வீட்டில் இருக்கிறது.

சார்லி பிரவுன் என்ற சிறுவனை நாயகனாகக் கொண்ட பீநட்ஸ் தொடரின் ஷெர்மி இன்னும் பாவம். 1950 அக்டோபர் 2 அன்று வெளிவந்த முதல் பட்டையில் பேசியவனே அவன்தான். சார்லி பிரவுன் வாய் திறக்காமல் நடந்துபோனான். பிறகு லூசியும் லைனஸும் ஸ்னூப்பியும் ஆளுக்கொரு குணத்தோடு வளர்ந்தபோது, குணம் எதுவும் தரப்படாத ஷெர்மி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, 1960-களின் இறுதிக்குள் காணாமலே போனான். அதே தொடரில் 1954-இல் நுழைந்த சார்லட் பிரவுன் என்ற சிறுமி சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை. அவளை நீக்கும்படி எழுதிய வாசகி ஒருவருக்கு, தொடரை வரைந்த ஷுல்ஸ் தம் கைப்படப் பதில் எழுதி, அதன் அடியில் தலையில் கோடரி பாய்ந்த சார்லட்டை வரைந்து அனுப்பினார். குறும்புதான், ஆனாலும் ஒரு பாத்திரத்தை அனுப்பிவைப்பது தமக்கு உறுத்தாத காரியமில்லை என்பதும் அதில் தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன்.

தலைகீழாக நடந்ததும் உண்டு. 1919-இல் தொடங்கிய ஒரு பட்டைக்கதையில், கப்பலோட்ட ஒரு கூலி ஆள் தேவைப்பட்டதால் 1929 ஜனவரியில் ஒரு மாலுமியை வரைந்தார்கள். அவர்தான் போபாய். பத்தாண்டுகளாக அக்கதையின் நாயகி ஆலிவின் காதலராக இருந்த ஹாம் கிரேவி மெல்ல மெல்ல வெளியேறினார். எல்லாத் துணைப் பாத்திரங்களுக்கும் ஒழுங்காக வழியனுப்பு விழா நடத்திக்கொண்டிருந்தால் இப்படிப்பட்ட விபத்துகளுக்கு இடமே இருக்காது.

ஆகவே நகைச்சுவைப் பட்டைகளை நான் மன்னித்துவிடுகிறேன்; அங்கே நேற்று என்ன நடந்தது என்பது இன்றைய சிரிப்புக்குத் தேவையில்லை. சாகசத் தொடருக்கு அந்தச் சலுகை கிடையாது. “சென்ற இதழில் நடந்தது நினைவிருக்கிறதா?” என்று வாசகரைக் கேட்டுக்கொண்டே கதை நடத்துபவர், தாம் மட்டும் மறந்துபோக முடியாது.

கேள்வி: எங்கள் காலத்தில் மலைக்குப் புத்தகங்கள் ஒழுங்காக வந்ததில்லை. ஒரு பாத்திரம் மறைந்தால், போனது ஆளா அல்லது நாம் தவறவிட்ட இதழா என்றே தெரியாது. தங்களுக்கு அந்த அனுபவம் உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்)

பதில்: உண்டு ஐயா, நாற்பது ஆண்டுகளாக உண்டு. நான் பள்ளியில் படித்தபோது விரும்பிப் படித்த ஓர் உளவாளித் தொடரில் (பெயர் வேண்டாம்) துறைமுகத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கிழவர் ஒருவர் வருவார். கதாநாயகனுக்கு அவர்தான் துப்புக் கொடுப்பார். துப்பைச் சொல்வதற்கு முன் கையிலிருக்கும் கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, “இது பொய் சொல்லாது” என்பார். அந்த ஒரு கட்டத்துக்காகவே நான் காசு சேர்த்தேன். ஒரு நவம்பர் மாதத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, பேருந்து நிலையத்துக் கடைக்கு வரவேண்டிய புத்தகக் கட்டு வரவில்லை. அடுத்த மாத இதழில் கிழவர் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

அவருடைய முடிவு அந்த வராத இதழில்தான் இருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சுடப்பட்டிருப்பார் என்று ஒரு நாளும், மகளோடு ஊருக்குப் போயிருப்பார் என்று மறுநாளும் நானே கதை கட்டினேன். அண்மையில் கோயம்புத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே இதழ், அட்டை கிழிந்த நிலையில், கைக்குக் கிடைத்தது. கடையில் நின்றபடியே புரட்டினேன். கிழவர் அந்த இதழிலும் இல்லை. அதற்கு முந்தைய இதழிலேயே அவர் கதை முடிந்துவிட்டிருந்தது, முடித்தவருக்கே தெரியாமல்.

தமிழ் வாசகருக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் நமக்குத் தந்த வெளிநாட்டு நாயகர்கள் பலருக்கு மூலமொழியில் நீண்ட வரிசை உண்டு. மொழிபெயர்ப்பில் அந்த வரிசை முன்பின்னாக மாறும்போது, மறைந்த ஆள் மறுபடி முளைப்பார். புதிதாக வந்தவர் பழகிய முகம்போல் நடந்துகொள்வார். அதற்கெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இரண்டு வரி போதும். “இக்கதை காலவரிசையில் முந்தையது, ஆகவே இன்னார் இதில் இருக்கிறார்” என்று எழுதினால் எந்த வாசகரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: நான் ஒரு தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்து ஆறு ஆண்டுகளாகச் சித்திரத்தொடர் வரைந்து வருகிறேன். அதில் வரும் இரவுக் காவலாளிக்கு இனி வேலை இல்லை. அவரைக் கொன்றுவிடலாமா, அப்படியே விட்டுவிடலாமா? (இளம் ஓவியர், கூடலூர்)

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. கணக்கை முடிப்பதற்காகக் கொல்வது சோம்பேறித்தனம். பிறகு வருந்தவும் நேரும். லக்கி லூக் என்ற கௌபாய் நாயகனின் கதைகளில் முதலில் வந்த டால்டன் சகோதரர்கள் என்ற கொள்ளையர்களை அதன் ஓவியர் மோரிஸ் 1950-களின் தொடக்கத்திலேயே தீர்த்துக்கட்டினார். வாசகர்களுக்கு அவர்களைப் பிடித்துப்போனது பின்னர்தான் தெரிந்தது. செத்தவர்களை எழுப்ப முடியாமல், அச்சில் வார்த்ததுபோல் அதே முகத்தோடு நான்கு சித்தப்பா பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நாம் இன்று அறிந்த ஜோவும் அவ்ரெலும் அந்தப் பங்காளிகள்தாம். மோரிஸுக்குச் சிரிப்பாக முடிந்தது. கண்ணீர்க் கதை எழுதுபவருக்கு இந்த வழி கிடையாது.

வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேன்டம்) என்ற முகமூடி வீரரின் கதைகளைப் படித்திருப்பீர்கள். அவர் வசிக்கும் மண்டையோட்டுக் குகையில் வளர்ந்த ரெக்ஸ் என்ற சிறுவன் ஒரு நாட்டின் இளவரசன் என்று பின்னர் தெரியவந்தது. வேதாளருக்கு 1977-இல் திருமணமாகி, 1979-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபின், குகையில் வளர்ப்புப் பிள்ளைகளுக்கான இடம் குறைந்தது. ஆனால் ரெக்ஸைப் பற்றி யாரும் “எங்கே?” என்று கேட்க வேண்டியதில்லை, அவனுக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது. உங்கள் காவலாளிக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

அதற்கு உங்கள் களமே வழி வைத்திருக்கிறது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் தொழிலாளர்கள் கூடி நிற்கும் இடத்தில், பேர் கூப்பிடும்போது, ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: “காய்ச்சல்”, “மகள் வீட்டுக்குப் போயிருக்கு”, “கணக்கு முடிச்சிட்டாங்க”. அவ்வளவுதான், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். உங்கள் தொடரில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நிற்கும் கட்டம் ஒன்று எப்படியும் வரும். அதில் பின்வரிசைப் பெண் ஒருத்தி, “தாத்தா மகன்கிட்ட திருப்பூர் போயிட்டாரு, டார்ச் லைட்ட மட்டும் விட்டுட்டுப் போயிட்டாரு” என்று சொல்லட்டும். குமிழ் சிறியதாகவே இருக்கட்டும்.

அதன்பின் சில இதழ்கள் கழித்து அந்த டார்ச் விளக்கைப் புதுக் காவலாளியின் கையில் வரைந்துவிடுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். கிழவரையே திரும்ப அழைத்துவரத் தோன்றினால் அழைத்துவரலாம். திருப்பூர் பேருந்து தூரம்தான்.