பேக் ஆபீஸிலிருந்து ட்ரேடிங் டெஸ்குக்கு

கணிதப் பட்டமும் செட்டில்மென்ட் பிரிவில் (ட்ரேட் முடிந்தபின் பணமும் பங்கும் சரியாகக் கைமாறுவதைக் கவனிக்கும் பேக் ஆபீஸ் வேலை) மூன்று வருட அனுபவமும் இருக்கிறது, ட்ரேடர் ஆக எம்பிஏ வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயமில்லை. கணித மாதிரிகளை வைத்து ட்ரேடிங் செய்யும் முதலீட்டு நிறுவனமான ரெனைசன்ஸ் டெக்னாலஜீஸைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸ் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1993-இல் அங்கே சேர்ந்த பீட்டர் பிரவுனும் ராபர்ட் மெர்சரும் ஐபிஎம்மில் கணினிப் பேச்சறிதல் ஆராய்ச்சி செய்தவர்கள். சரி, அவர்கள் மேதைகள், விடுங்கள்.

உங்கள் அனுபவத்தை ரெஸ்யூமேயில் ஒரே வரியில் அடக்கிவிடாதீர்கள். ஒரு ட்ரேட் முடிந்தபின் எங்கே சிக்குகிறது, கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் புதிதாக வருபவருக்குத் தெரியாது. நேராக ட்ரேடர் வேலைக்கு முட்டி மோதாமல், முதலில், நஷ்ட அபாயத்தைக் கணக்கிடும் ரிஸ்க் பிரிவுக்கோ ட்ரேடிங் அசிஸ்டென்ட் வேலைக்கோ மாறப் பாருங்கள். அப்புறம் பைத்தான் ப்ரோக்ராமிங் மொழி, அது அவசியம். சொந்தக் கணக்கில் ட்ரேட் செய்து பழகுவதாக இருந்தால், நிறுவனத்தில் முன் அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.