லோடும் ஏத்தணும், குடும்பமும் போகணும்: மலைக்கு எந்த டீசல் பிக்கப்?

கேள்வி: அண்ணா வணக்கம். கோத்தகிரி பக்கம் ஊருங்க. கேரட், பீட்ரூட் போடறோம், கொஞ்சம் தேயிலையும் இருக்கு. இலைய ஃபேக்டரிக்கு கொண்டு போறது, காய மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கறது எல்லாம் வாடகை வண்டிதான், வர்ற காசுல பாதி அதுக்கே போகுது. வீட்ல நான், சம்சாரம், ரெண்டு பசங்க, அம்மா. அம்மாவ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டில கூட்டிட்டு போகணும். பட்ஜெட் 12 லட்சம். பொலிரோ கேம்பரா, இசுசுவா, இல்ல கடன் போட்டு ஹைலக்ஸே எடுத்துடலாமா? மச்சான் வெள்ளை போர்டுதான் எடுக்கணும்னு அடம் புடிக்கிறான்.

பதில்: தம்பி, இன்ஜின அப்புறம் பாப்போம், மச்சான் சொல்ற போர்டுலதான் எல்லாமே இருக்கு. வெள்ளை போர்டு வண்டிக்கு, அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ற வண்டிக்கு, போடற பிரைவேட் கார் இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து படிச்சு பாருங்க, வாடகைக்கு ஓட்டக்கூடாதுன்னு மட்டும் இல்ல, சரக்கு ஏத்தவும் கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிரன்னு போட்டிருக்கும். "என் தோட்டத்து காய்தானே, யார்கிட்டயும் வாடகை வாங்கலயே"ன்னு நீங்க சொல்லலாம், ஆனா வாரா வாரம் மூட்டை மூட்டையா மண்டிக்கு போற கேரட்ட லக்கேஜுன்னு விபத்து நடந்தா பாக்க வர்ற எந்த இன்சூரன்ஸ் சர்வேயரும் ஒத்துக்க மாட்டார். மேட்டுப்பாளையம் போற மலை ரோட்ல வண்டி சாஞ்சு கெடக்கும்போது இத பேசி பிரயோஜனம் இல்ல.

அதனால மஞ்சள் போர்டு, அதாவது சரக்கு வண்டின்னு பதிவு பண்றது. ஜனங்க பயப்படற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. வண்டியோட மொத்த எடை, அதாவது லோடோட சேர்த்து, 3000 கிலோவ தாண்டலன்னா பர்மிட் வேண்டாம். கேம்பர் அதுக்குள்ளதான் வருது. மஞ்சள் போர்டு ஓட்ட தனியா பேட்ஜ் லைசன்ஸ் எடுக்கணுமான்னு பலபேர் கேக்கறாங்க, கார் ஓட்டற சாதா எல்எம்வி லைசன்ஸே போதும், 7500 கிலோ வரைக்கும் ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017லயே சொல்லி 2024 நவம்பர்ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்சும் உறுதி பண்ணிடுச்சு. எஃப்சிதான் வேலை, வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓல வாங்கற சர்டிபிகேட், எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம்.

ஆனா மஞ்சள் போர்டுல ஒரு ஓட்டை இருக்கு, டீலர் சொல்லவே மாட்டான். சரக்கு வண்டி பாலிசில டிரைவருக்கும், சரக்கோட வர்ற ஓனருக்கும் அவர் ஆளுக்கும்தான் கவர். சும்மா கூட வர்ற அம்மாவும் பசங்களும் அதுல தானா வந்துட மாட்டாங்க. காசு குடுக்காம வர்ற பயணிங்களுக்குன்னு பாலிசியோட சேர்க்கற தனி எண்டார்ஸ்மெண்ட் ஒண்ணு இருக்கு, அத கேட்டு பாலிசி பேப்பர்லயே ஏத்திக்கோங்க, ஆர்சில அஞ்சு சீட்டுன்னு இருக்கான்னும் பாருங்க. ஏஜெண்ட் "அதெல்லாம் இருக்குங்க சார்"னு வாயால சொன்னா நம்பாதீங்க. இன்னொண்ணு, இலை பறிக்க வர்ற அக்காங்கள பின்னாடி தொட்டில நிக்க வெச்சு கூட்டிட்டு போறது நம்ம ஊர்ல தெனம் நடக்குது, அது சட்டப்படி தப்பு, அங்க நின்னு வர்றவங்களுக்கு இன்சூரன்சும் நிக்காது.

இப்ப வண்டிக்கு வருவோம். ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரை, ஏறும்போது சொகமாத்தான் இருக்கும், ஆனா நீளம் 5.3 மீட்டர், உங்க ஊர் சந்துல திருப்ப ரெண்டு ரிவர்ஸ் எடுக்கணும். விலை உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. இசுசு வி-கிராஸும் அதே ரகம்தான். ரெண்டையும் விடுங்க.

மிச்சம் கேம்பரும் இசுசு எஸ்-கேபும். ரெண்டும் 2.5 லிட்டர்தான், கேம்பர் 75 குதிரை, டார்க்குங்கற இழுவை 200 என்எம், எஸ்-கேப் 78 குதிரை 176 என்எம், லோடோட கொண்டை ஊசில மொத கியர்ல இழுக்கறப்ப அந்த இழுவை வித்தியாசம் கால்ல தெரியும். கேம்பர் ஒரு டன் தாங்கும், நீளம் 5 மீட்டருக்கு கீழ, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வெப்பான். உக்கார எஸ்-கேப் கொஞ்சம் தேவலை. உங்க வேலைக்கு நான் கேம்பர்னுதான் சொல்லுவேன், ஆனா ஏசி இருக்கற மாடல் எடுங்க. மலைல ஏசி எதுக்குன்னு கேக்காதீங்க, மஞ்சு எறங்கி மழையும் பேஞ்சா உள்கண்ணாடி பூத்துடும், ஏசி போட்டாதான் சீக்கிரம் தெளியும்.

பின்னாடி பட்டை ஸ்ப்ரிங், காலியா போனா தூக்கி போடும், ஈரத்துல பின் வீல் வழுக்கவும் செய்யும். அதனால டெஸ்ட் டிரைவுக்கு நீங்க மட்டும் போகாதீங்க, அம்மாவ பின் சீட்ல உக்கார வெச்சு தொட்டி காலியா இருக்கறப்பவே ஓட்டி பாருங்க, அவங்களுக்கு முதுகு வலிச்சா ஆஸ்பத்திரிக்கு தனியா டாக்சிதான்.

கேள்வி: பழசு வாங்கலாமா? கோவைல கம்மியா கெடைக்குது.

பதில்: கெடைக்கும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல்ல புகைய வடிக்கற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் மெதுவாவே ஓடினா அது அடைச்சுக்கும், மண்டிக்கு போற அன்னைக்கு கீழ ரோட்ல கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல ஓட விட்டா சரியாகும். பழைய வண்டில டிபிஎஃப் லைட் எரிஞ்சுட்டே இருந்தா விலைய நல்லா கொறச்சு பேசுங்க, இல்லன்னா விட்டுடுங்க. எஃப்சி தேதி, லோன் முடிஞ்சதுக்கு பேங்க் குடுக்கற என்ஓசி, பாக்கி சலான் எல்லாம் பாத்துக்கோங்க. நம்ம நீலகிரி டிஎன்43 இல்லாத நம்பர்னா, வெளி வண்டி மலைக்கு வர 2024 மே 7லிருந்து வந்த இ-பாஸ் கட்டுப்பாடு வேற இருக்கு, ஊட்டி ஆர்டிஓல அட்ரஸ் மாத்தறதுக்கு ஆகற செலவ விலை பேசும்போதே கழிச்சுக்கோங்க.