துடுப்பைத் தொட்டதே இல்லை, அணித் தேர்வுக்குப் போகலாமா?

கேள்வி: முதுகலை படிக்க வெளிநாடு வந்து மூன்று வாரம் ஆகிறது. பல்கலைக்கழக ரோயிங் (துடுப்புப் படகோட்டம்) அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், 'அனுபவம் தேவையில்லை' என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறது. எனக்கு வயது 23, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், பள்ளியோடு விளையாட்டை விட்டாயிற்று. போனால் சிரிப்பார்களா?

பதில்: சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கு ஆள் வேண்டும். ஓர் 'எய்ட்' படகை எடுக்க துடுப்பு வலிக்க எட்டுப் பேரும் சுக்கான் பிடிக்க ஒரு காக்ஸும் தேவை, அதாவது ஒன்பது பேர் ஒரே நாளில் இருட்டோடு எழுந்து வர வேண்டும், பாதியில் நின்றுவிடுகிறவர்கள் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டின் தொடக்கத்தில் வலையை அகலமாக விரிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. டென்னிசை 23 வயதில் தொடங்கி எங்கும் போய்ச் சேர முடியாது. ரோயிங் அப்படியில்லை. ஹெலன் குளோவர் துடுப்பைப் பிடித்ததே 2008-இல்தான். உயரமானவர்களைத் தேடிய ஒரு பிரிட்டிஷ் திட்டத்தில் சேர, அளக்கும்போது நுனிக்காலில் நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹெதர் ஸ்டானிங்கோடு சேர்ந்து வென்றார், பிரிட்டனுக்கு அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அதுதான். சரி, அவர் ஏற்கெனவே விளையாட்டு ஆசிரியை, உங்களையும் என்னையும் போல நாற்காலியில் உட்கார்ந்து கெட்டவர் இல்லை. ஆனாலும் நான்கு வருடம்தானே.

உயரம் கொஞ்சம் இடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. கை கால் நீளமானவர் ஒவ்வொரு வலிப்பிலும் துடுப்பை அதிக தூரம் கொண்டுபோவார். ஆனால் பயிற்சியாளர் பார்ப்பது அதை மட்டும் அல்ல. 'மணிக்கட்டை மடக்காதே' என்று சொன்னால் அடுத்த வலிப்பிலேயே மாற்றுகிறீர்களா, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து அவரோடு ஒன்றாகப் போகிறீர்களா, இரண்டாவது வாரமும் வருகிறீர்களா, இதெல்லாம் அவர் நோட்டுப்புத்தகத்தில் ஏறும். என்னோடு தேர்வுக்கு வந்தவர்களில் பளுதூக்கும் வீரன் மாதிரி ஒருவன் இருந்தான், முதல் நாள் அவனைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மூன்றாவது வாரம் ஆளைக் காணோம். நானோ முதல் தடவை தண்ணீரில் இறங்கியபோதே 'நண்டு பிடித்தேன்'. துடுப்பின் அலகு தண்ணீருக்குள் கோணலாகச் சிக்கி, கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சில் இடிப்பதற்கு ரோயிங்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. படகே நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் பிடித்த நண்டுதான்.

இன்னொன்று, காக்ஸ் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். துடுப்பு வலிப்பவர்கள் படகு போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் என்ன வருகிறது என்று பார்ப்பவர் காக்ஸ் ஒருவர்தான். சுக்கானும் அவர் கையில், கட்டளையும் அவர் குரலில். சர்வதேசப் போட்டிகளில் காக்ஸின் குறைந்தபட்ச எடை 55 கிலோ, அதற்குக் கீழே இருந்தால் ஈடுகட்ட எடை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆண்கள் படகுக்குப் பெண் காக்ஸ் இருப்பதும் புதிதல்ல, ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியில் 1981-இலேயே சூ பிரவுன் ஆக்ஸ்ஃபோர்டு ஆண்கள் படகுக்குச் சுக்கான் பிடித்து ஜெயித்தார். உங்கள் ஆங்கில உச்சரிப்பை நினைத்துத் தயங்க வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் கட்டளைகள் பத்திருபதுதான், ஒரு வாரத்தில் வாய்க்குப் பழகிவிடும்.

அமெரிக்காவில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே பெண்கள் ரோயிங் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதிகளுக்குள் வருகிறது, ஆண்கள் ரோயிங் வராது. அந்த அணிகளில் யார் ஆடலாம் என்பதற்குத் தகுதி விதிகள் உண்டு, முதுகலை மாணவி என்பதால் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். மாணவர்களே நடத்தும் கிளப் அணிகளில் இவ்வளவு கெடுபிடி இருக்காது.

கேள்வி: தேர்வில் எர்க் என்ற துடுப்புப் பயிற்சி மெஷினில் 2,000 மீட்டர் ஓட்டச் சொல்கிறார்களாம். வீடியோவில் பார்த்தால் முடித்தவர்கள் கீழே விழுந்து கிடக்கிறார்கள். எப்படித் தயாராவது?

பதில்: விழுவது உண்மைதான், நானும் கிடந்திருக்கிறேன். ஆனால் புதியவர்களைக் கெடுப்பது பலவீனம் அல்ல, முதல் ஒரு நிமிடம். உடம்பு புதிதாக இருக்கும், பக்கத்தில் இருப்பவன் சர்ரென்று இழுப்பான், நீங்களும் இழுப்பீர்கள், திரையில் எண் அழகாகத் தெரியும். நான் அப்படித்தான் 500 மீட்டருக்கு 1:40 வேகத்தில் ஆரம்பித்தேன், 1,200-ஐத் தாண்டும்போது 2:10-இல் முனகிக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தத் திரை காட்டுவது 500 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம். வேகம் கூடக் கூட, தேவைப்படும் சக்தி அதன் மும்மடியாக ஏறும். 2:00 வேகத்தில் போனால் 2,000 மீட்டர் 8 நிமிடத்தில் முடியும், அதற்குச் சுமார் 200 வாட் வேண்டும். அதையே 7 நிமிடத்தில் முடிக்க 1:45 வேகம், அதற்குச் சுமார் 300 வாட். நேரத்தில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு, உழைப்போ ஒன்றரை மடங்கு. ஆகவே ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த ஐந்து விநாடிக்குக் கடைசியில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். பயிற்சியில் 500 மீட்டரை நான்கு முறை, நடுவே இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறி ஓட்டிப் பாருங்கள், நான்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிகிற வேகம் எதுவோ அதைவிட நாலைந்து விநாடி மெதுவாகத் தேர்வில் தொடங்குங்கள். கடைசி 400 மீட்டரில் மூச்சு மிச்சம் இருந்தால் அப்போது செலவழியுங்கள்.

மெஷினின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும். பத்தில் வைத்தால்தான் வீரம் என்று நினைத்து வைக்காதீர்கள், அது சைக்கிளில் பெரிய கியர் போடுவது மாதிரி, முதுகுதான் போகும். மூன்று முதல் ஐந்துக்குள் போதும். அப்புறம், கையால் இழுக்கிற விளையாட்டு இது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கால்தான். முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு உடம்பு பின்னால் சாய வேண்டும், கடைசியில்தான் கை நெஞ்சுக்கு வர வேண்டும். திரும்பிப் போகும்போது அப்படியே தலைகீழ்: கை, உடம்பு, கால். திரும்பும்போது அவசரப்படாதீர்கள், இளைப்பாற ஓர் அரை விநாடி கிடைப்பது அங்கேதான்.

கேள்வி: எனக்கு நீச்சல் சரியாக வராது. படிவத்தில் 'தெரியும்' என்று போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. துடுப்பு வலிப்பவர்கள் வழக்கமாக உயிர்காப்பு உடை போடுவதில்லை, அதனால்தான் அந்தக் கேள்வியே படிவத்தில் இருக்கிறது. 'எய்ட்' படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், அகலமோ உங்கள் இடுப்புக்கு ஓரளவுதான் அதிகம், துடுப்புகளை விட்டுவிட்டால் நிமிடத்தில் கவிழும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, நன்றாக நீந்துகிறவருக்கும் அப்படித்தான். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் முறை. படகில் பொருத்தியிருக்கும் ஷூவின் குதிகால் கயிறு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், கவிழ்ந்தால் காலை உருவ விடுவது அதுதான். பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள், பல்கலைக்கழக நீச்சல்குளத்தில் இரண்டு மாதம் கற்றுக்கொள்ளுங்கள், அதுவரை எர்க் இருக்கிறது.

கேள்வி: வாரத்தில் ஆறு காலை பயிற்சி என்கிறார்கள். படிப்பு என்னாவது?

பதில்: காலை எழுவது பிரச்சினை இல்லை, இரவு பத்து மணிக்குத் தூங்க உங்கள் அறைத்தோழர்கள் விடுவார்களா என்பதுதான். சேரும் முன் கேலண்டரைத் திறந்து ஆய்வறிக்கை, தேர்வு, போட்டி மூன்றின் தேதிகளையும் அணித்தலைவரிடம் காட்டி, எங்கே மோதுகிறது என்று கேளுங்கள். அவர் மழுப்பினால் ரோயிங்கை விட வேண்டாம், வாரம் மூன்று நாள் பயிற்சி வைக்கும் கீழ்நிலை அணியைக் கேளுங்கள். ஒருவர் வராவிட்டால் மீதி எட்டுப் பேர் கரையிலேயே நிற்க வேண்டியிருக்கும், 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வராதவரைத்தான் படகுக்கூடத்தில் யாருக்கும் பிடிக்காது.

கேள்வி: உள்ளங்கை கொப்புளத்துக்குக் கையுறை போடலாமா?

பதில்: போட்டால் துடுப்பு சுழல்வது கைக்குத் தெரியாது. கழுவுங்கள், துடையுங்கள், டேப் சுற்றுங்கள். உடைக்காதீர்கள்.