கழுத்துக் கட்டியில் ஊசி குத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு மாதமாகத் தொண்டையின் வலது பக்கம் சின்ன வீக்கம் தெரிந்தது. வலி இல்லை. தைராய்டு ரத்தப் பரிசோதனை நார்மல். ஸ்கேனில் வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி, டிஐராட்ஸ் 4 என்றும், இடது பக்கம் 1.1 செ.மீ. கட்டி, டிஐராட்ஸ் 2 என்றும் ரிப்போர்ட் வந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே வலது கட்டியில் மட்டும் ஊசி போட்டு டெஸ்ட் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். "கட்டியை ஊசியால் குத்தினால் பரவிவிடும்" என்று மாமியார் பயப்படுகிறார். சிடி ஸ்கேன் எடுத்தால் ஊசி இல்லாமலே தெரிந்துவிடும் என்கிறார் நாத்தனார். மறுபடியும் ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு அதிகமாகாதா? என் தங்கைக்கு 38 வயது. அவளுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி

பதில்: கதிர்வீச்சுப் பயத்தை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். உங்களுக்கு எடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதில் கதிர்வீச்சே கிடையாது. நம் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத் திரையில் படம் வருகிறது, அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுப்பது இந்தத் தைரியத்தில்தான். உங்களுக்கு இரண்டு தடவை எடுத்தாலும் ஒன்றுதான், பத்துத் தடவை எடுத்தாலும் ஒன்றுதான்.

கழுத்தில் ஜில்லென்று ஒரு ஜெல் தடவியிருப்பார்களே, அது எதற்கு என்று பலர் கேட்பார்கள். இந்த ஒலிக்குக் காற்று என்றால் ஆகாது. புரோபுக்கும் (கழுத்தில் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவி) தோலுக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி அங்கேயே திரும்பிவிடும். ஜெல் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. குடலில் வாயு நிறைந்திருந்தால் வயிற்று ஸ்கேன் மங்கலாக வருவதும், நுரையீரலின் உட்பகுதியை இந்த ஸ்கேனில் சரியாகப் பார்க்க முடியாததும் இதே காரணத்தால்தான். கழுத்து ஸ்கேனுக்கு வெறும் வயிறும் வேண்டாம், தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கவும் வேண்டாம்.

சரி, சிடி ஏன் வேண்டாம்? தைராய்டு தோலுக்குக் கீழே ஓரிரண்டு செ.மீ. ஆழத்திலேயே இருக்கிறது. ஆழமான கல்லீரலைப் பார்க்க 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி தேவை. கழுத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகலாம். அலைவரிசை கூடக்கூட ஆழம் குறையும், துல்லியம் கூடும். அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சுண்ணாம்புப் புள்ளிகூட வெள்ளையாக மின்னுவது இதில் தெரியும். தைராய்டு கட்டியின் உட்புறத்தை சிடி இவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது. வீக்கம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தாலோ, மூச்சுக்குழாயை அழுத்தினாலோ சிடி கேட்போம். எலும்பைத் தாண்டி ஒலி போகாது, அங்கே அதுதான் சரி. தேவையில்லாமல் எடுத்தால் அதில் போடும் அயோடின் மருந்து, பின்னால் தைராய்டு அணுக்கதிர்ப் பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ சில வாரங்கள் இடைஞ்சல் செய்யும். காசும் மிச்சம் என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஏன் வலது கட்டிக்கு மட்டும் ஊசி? டிஐராட்ஸ் என்பது ஒரு மார்க் போடும் முறை. கட்டி சதையா நீரா, எவ்வளவு கருமையாகத் தெரிகிறது, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் சீரா, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் உண்டா என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. கூட்டிப் பார்த்து 1 முதல் 5 வரை தரம் பிரிப்போம். முழுக்கச் சதையாக இருந்தால் 2, சுற்றியுள்ள தைராய்டைவிடக் கருமையாக இருந்தால் இன்னொரு 2. ஓரம் சீர், புள்ளி இல்லை என்றாலும்கூட 4 மார்க் வந்துவிடும், அதுதான் தரம் 4. பாதி நீரும் பாதி சதையுமாக, சாதாரண நிறத்தில் இருக்கும் கட்டிக்கு 2 மார்க்தான், அது தரம் 2. அந்த மாதிரிக் கட்டியில் யாரும் ஊசி வைக்க மாட்டார்கள், அளவு பெரிதாக இருந்தாலும்கூட. தரம் 4 கட்டி 1.5 செ.மீ. தாண்டினால் ஊசி, தரம் 5 என்றால் 1 செ.மீ.யிலேயே ஊசி, தரம் 3 என்றால் 2.5 செ.மீ. வரை பொறுத்துப் பார்க்கலாம். உங்களுடையது 1.8. டாக்டர் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

"டிஐராட்ஸ் 4" என்றதும் புற்றுநோய் நாலாம் கட்டம் என்று நினைத்து அழுதபடி வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தைராய்டு கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாதாரணக் கட்டிகள்தான். தரம் 4 என்றால் "கொஞ்சம் சந்தேகம், ஊசி வைத்துப் பார்த்துவிடலாம்" என்று அர்த்தம். ஸ்கேன் சந்தேகத்தைக் காட்டும். தீர்ப்பு செல்லைப் பார்த்தால்தான்.

இனி அந்த ஊசி. நான் படித்த காலத்தில் கட்டியை விரலால் தடவி, உத்தேசமாகக் குத்துவோம். பாதிப் பேருக்கு ரத்தம் மட்டும் வரும், அல்லது பக்கத்துச் சதை வரும். "செல்கள் போதவில்லை" என்று லேபிலிருந்து சீட்டு வரும், நோயாளி மறுபடி வருவார், மறுபடி குத்துவோம். ஒரு பாட்டி மூன்றாவது தடவை வந்தபோது, "இன்னிக்காவது கட்டி கெடைக்குமாய்யா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது அந்தப் பாடு குறைந்துவிட்டது. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தோளுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்ப்போம். மருந்து தடவித் துடைத்த பிறகு, ஒரு கையில் புரோப், மறு கையில் ஊசி. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட இது மெல்லியது. அறை விளக்கைக் குறைத்துத் திரையைப் பார்த்தால், கறுப்புக் கட்டியை நோக்கி ஊசி ஒரு வெள்ளைக் கோடாக நகர்ந்து வருவது தெரியும். பக்கத்தில் துடிக்கும் பெரிய ரத்தக் குழாயும் தெரியும், அதைத் தொடாமல் போகலாம். நுனி கட்டிக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே நாலைந்து முறை முன்னும் பின்னும் அசைப்போம். ஊசி உள்ளே இருப்பது சில விநாடிகள்தான்.

அந்தச் சில விநாடிகளுக்கு நீங்கள் எச்சில் விழுங்கக் கூடாது, பேசவும் கூடாது. விழுங்கினால் தைராய்டு மேலே ஏறி இறங்கும், திரையில் கட்டி ஓடிப்போய்விடும். தொண்டையை அடக்க முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், எடுத்துவிட்டு மறுபடி போடுவோம். இரண்டு மூன்று தடவை போட வேண்டி வரும். கண்ணாடித் தகட்டில் தடவி லேபுக்கு அனுப்பிவிட்டு, குத்திய இடத்தைப் பஞ்சால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்வோம். அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பிவிடலாம். மறுநாள் லேசான வலியோ ஊதா நிறமோ இருக்கலாம், பாராசிட்டமால் போதும். வீட்டுக்குப் போன பிறகு கழுத்து வேகமாக வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மிக அரிதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாமியாரின் பயத்தைச் சும்மா தள்ளிவிடவும் மனம் வரவில்லை, அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆண்களின் விரையில் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் தோல் வழியாக ஊசி குத்த மாட்டோம், நேராக ஆபரேஷன்தான். ஆனால் தைராய்டில் இந்த மெல்லிய ஊசியால் நோய் பரவுவது மிக மிக அரிது. குத்தாமல் ஆபரேஷனுக்குப் போனால், சாதாரணக் கட்டிக்காகத் தைராய்டை இழந்து ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிற நிலை வரலாம். அந்த நஷ்டம்தான் பெரிது.

ஸ்கேன் பார்த்துக்கொண்டு ஊசி போடுவது தைராய்டுக்கு மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. கல்லீரலில் சீழ் கட்டினால் குழாய் வைத்து எடுப்பது, நுரையீரலைச் சுற்றிய நீரை வெளியே எடுப்பது, சிறுநீரகத்தில் சதை எடுத்துப் பார்ப்பது, ஐசியூவில் கழுத்து ரத்த நாளத்தில் குழாய் போடுவது எல்லாம் இப்போது திரையைப் பார்த்தபடிதான். 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற டாக்டர், இரும்பில் விரிசல் தேடும் கருவியின் உறவுக்கார மெஷினை வைத்துச் செய்த அல்ட்ராசவுண்ட் ஆராய்ச்சியை வெளியிட்டார். வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது சினைப்பையின் பெரிய நீர்க்கட்டி என்று அதில்தான் தெரிந்தது. அதை எடுத்ததும் அவர் பிழைத்தார்.

உங்கள் ஊசி டெஸ்டின் ரிசல்ட் ஆறு வகையாக வரும். முதல் வகை "போதவில்லை", அது கெட்ட செய்தி இல்லை, மறுபடி ஒரு ஊசி. இரண்டாம் வகை சாதாரணக் கட்டி, பெரும்பாலோருக்கு இதுதான். ஒரு வருடம் கழித்து மறு ஸ்கேன் போதும். மூன்றும் நாலும் குழப்பமான வகைகள். மூன்றில் இன்னொரு தடவை பார்ப்போம். நாலில் ஊசியால் முடிவு சொல்லவே முடியாது, பாதித் தைராய்டை எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஐந்தும் ஆறும் வந்தால் ஆபரேஷன் பேச்சு. அப்படியே வந்தாலும் அதிகமாக வருவது பாப்பில்லரி என்ற வகை. மெதுவாக வளரும், நன்றாகக் குணமாகும்.

தங்கைக்கு? வீக்கமோ, குரல் மாற்றமோ, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோயோ, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையோ இல்லை என்றால் ஸ்கேன் வேண்டாம். தேடினால் கட்டி கிடைக்காமல் இருக்காது, வயது கூடக்கூட அவ்வளவு பேருக்கு இருக்கிறது. தென்கொரியாவில் நல்ல எண்ணத்தோடு பொதுமக்களுக்குக் கழுத்து ஸ்கேன் எடுக்கத் தொடங்கினார்கள். 1993க்கும் 2011க்கும் நடுவில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கானது. அந்த நோயால் இறப்போர் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. ஆபரேஷன் தழும்பும் மாத்திரையும்தான் பலருக்கு மிச்சம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் எடுத்துப் போங்கள். கழுத்து இறக்கமான ரவிக்கை அல்லது முன்பக்கம் திறக்கும் சட்டை வசதி. சங்கிலி, நெக்லஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயக்கமிருந்தால் கழற்ற வேண்டாம், தோள் பக்கம் ஒதுக்கித் துண்டால் மூடிக்கொள்வார்கள். முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.