சங்கிலி வாள் வேலைக்கான காற்சட்டை: எதைக் கேட்டு வாங்குவது, எப்படி அணிவது

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தோட்டத்தில் முதிர்ந்த சவுக்கு மரங்களை வெட்டிக் கொடுக்கும் ஒப்பந்த வேலையை இரண்டு உதவியாளர்களுடன் செய்து வருகிறேன். இதுவரை ஜீன்ஸ் அணிந்து, அதன்மேல், கொழுந்து பறிப்போர் இடுப்பில் கட்டும் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வாளைப் பிடித்தேன். இத்தாலியில் வேலை செய்யும் மைத்துனர் பாதுகாப்புக் காற்சட்டை ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். புதிதாக வாங்கலாம், அவருடைய முதலாளி பாவித்த பழையதொன்றும் இருக்கிறதாம். என் உயரம் 5 அடி 3 அங்குலம். எந்த வகையைக் கேட்பது? நீளமாக இருந்தால் இங்குள்ள தையற்காரரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: படங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மலையகத்தில் பலர் அதை நம்பியே வேலை செய்கிறார்கள். ஜீன்ஸ், சாக்கு, ரப்பர் விரிப்பு, தடித்த தோல் ஆகிய எதுவும் ஓடும் சங்கிலியைத் தடுக்காது. தேயிலைச் செடியின் கீறலிலிருந்து காக்கும் துணிக்கும் சங்கிலியை நிறுத்தும் துணிக்கும் இடையிலுள்ள வேறுபாடு தடிப்பில் இல்லை. வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது.

பாதுகாப்புக் காற்சட்டையின் வெளித்துணிக்கு உள்ளே, நீண்ட இழைகளால் ஆன பல அடுக்குகள் கொண்ட ஒரு மெத்தை தொங்குகிறது. சங்கிலி வெளித்துணியைக் கிழித்தவுடன் அதன் பற்கள் அந்த இழைகளைப் பற்றி வெளியே இழுக்கின்றன. இழுபட்ட இழைகள் கிளச்சுக்கு அருகிலுள்ள பற்சக்கரத்தில் சுற்றி இறுகி, ஒரு கணத்துக்குள் சங்கிலியை நிற்கச் செய்கின்றன. ஆகவே அந்த இழைகள் வெட்டுப்படாமல் நிற்பதற்காக அல்ல, எளிதில் உருவப்பட்டு வருவதற்காகவே வைக்கப்பட்டிருக்கின்றன. இதை மனதில் இருத்திக்கொண்டால், உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

தையற்காரரிடம் கொடுக்கலாமா என்பதற்கு என் பதில், கூடாது என்பதே. மெத்தையின் ஊடாக ஒரு தையல் ஓடினாலும் அந்த இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கட்டுண்டு, உருவப்பட்டு வர முடியாமல் போகின்றன. அடிப்பகுதியை வெட்டினால் மெத்தையின் விளிம்புப் பிணைப்பே அறுந்து, அடுக்குகள் உள்ளே சரிந்துவிடும். பார்வைக்குக் காற்சட்டை அழகாகப் பொருந்தியிருக்கும். ஆனால் முழங்காலுக்குக் கீழே என்ன எஞ்சியிருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. முள் குத்திக் கிழிந்த வெளித்துணியை, மெத்தையைத் தொடாமல், உற்பத்தியாளர் தரும் ஒட்டுத் துண்டால் மூடுவது வேறு விடயம். நீளத்தை மாற்றுவதற்கு ஒரே வழி, தொடக்கத்திலேயே குட்டைக் கால் அளவில் வாங்குவதுதான். பல உற்பத்தியாளர்கள் ஒரே இடுப்பளவில் குட்டை, வழமை, நெட்டை என மூன்று கால்நீளங்களை விற்கிறார்கள். மைத்துனரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஐரோப்பிய அளவுகளான 48, 50 என்பன இடுப்பின் அங்குலங்கள் அல்ல என்பதால், எண்ணைச் சொல்லாமல் உங்கள் உடலின் அளவுகளைச் சென்ரிமீற்றரில் அனுப்புவதே நல்லது. வேலைக்கு உள்ளே அணியும் உடுப்போடு இடுப்பையும், வேலைச் சப்பாத்தைப் போட்டு நின்றபடி கவட்டிலிருந்து தரைவரையான நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து, தைக்கப்பட்டிருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். கேடயத்துக்குள் சங்கிலி வாள் வரைந்த குறியீடும், ஈஎன் ஐஎஸ்ஓ 11393 என்ற தர எண்ணும் (பழையவற்றில் ஈஎன் 381), வகுப்பும், வகையும் அதில் இருக்க வேண்டும். வகுப்பு என்பது சோதனையில் எந்தச் சங்கிலி வேகம்வரை தடுத்தது என்பதைக் குறிக்கிறது: வகுப்பு 0 செக்கனுக்கு 16 மீற்றர், வகுப்பு 1 இருபது, வகுப்பு 2 இருபத்து நான்கு, வகுப்பு 3 இருபத்தெட்டு. உங்கள் வாளின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியும் ஏழு பல் சக்கரமும் கொண்ட வாளில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது சங்கிலி ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் நகர்கிறது. நிமிடத்துக்கு 9000 சுற்றில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றராகிறது. மரத்தை விட்டு வெளியே வந்த வாளை முழு வேகத்தில் விட்டால், 12,500 சுற்றில் 27 மீற்றரையும் தாண்டுகிறது. வகுப்பு 1 காற்சட்டை அணிந்தவர்கூட வெட்டு முடிந்த கணமே விசையை விட்டுவிட வேண்டும் என்று நான் பயிற்சிகளில் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம். அதற்காக உடனே வகுப்பு 3 வாங்கவும் சொல்லமாட்டேன். வகுப்பு கூடக்கூட மெத்தை தடித்து, சூடும் பாரமும் ஏறுகின்றன. வெக்கை தாங்காமல் பகல் பத்து மணிக்கே கழற்றி மரத்தில் தொங்கவிடப்படும் காற்சட்டை எந்தக் காலையும் காப்பதில்லை. நடுத்தர வாளோடு தரையில் நின்று வேலை செய்யும் உங்களுக்கு, சரியாகப் பொருந்திய வகுப்பு 1 போதுமானது.

வகைகளில் ஏ என்பது இரு கால்களின் முன்புறத்தையும், அத்துடன் வலக்காலின் உட்பக்கத்திலும் இடக்காலின் வெளிப்பக்கத்திலும் 5 சென்ரிமீற்றரையும் மூடுகிறது. பி வகை இடக்காலின் உட்பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சி வகை காலைச் சுற்றிலும் மூடுகிறது. பயிற்சியுள்ளவர் தரையில் நின்று வெட்டுவதற்கு ஏ போதும். நிழல் மரத்தில் ஏறிக் கிளை அரிபவருக்கும், எப்போதாவது வாளைப் பிடிக்கும் உங்கள் உதவியாளர்களுக்கும் சி வகையே வேண்டும், ஏனெனில் அவர்களுடைய கால் வாளுக்கு எந்தப் பக்கமாக இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பின்புறம் வார்ப்பட்டியால் கட்டும் முன்கால் கவசங்கள் மலிவானவை, கழற்றி மாட்ட வசதியானவை. எனினும் கவாத்துச் செய்த தேயிலை மலையில் அவற்றை நான் விரும்புவதில்லை; வெட்டப்பட்ட குச்சிகள் வாருக்குள் நுழைந்து, சரிவில் இறங்குபவரை நிலைதடுமாறச் செய்கின்றன.

காற்சட்டை வந்து சேர்ந்ததும், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவதுபோல ஒரு காலை உயரத் தூக்கிப் பாருங்கள், பிறகு குந்துங்கள். அப்போதும் காற்சட்டையின் அடி சப்பாத்தின் மேல்விளிம்பை மூடியிருக்க வேண்டும். மெத்தை அடிவிளிம்பிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் தொடங்குகிறதா என்பதை விரலால் தடவி அறியலாம். அட்டைக்குப் பயந்து காற்சட்டையைச் சப்பாத்துக்குள் திணிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாறு செய்தால் மெத்தை மடிந்து மேலேறிவிடும். அட்டைக் காலுறையை உள்ளே அணிந்து, காற்சட்டையை வெளியே விடுங்கள். இடுப்புவாரை மட்டும் நம்பவும் வேண்டாம். மழையில் நனைந்து பாரம் கூடிய காற்சட்டை மெல்ல மெல்லக் கீழிறங்கும். அதனுடன் தொடையின் மேற்பகுதியைக் காக்கும் மெத்தையும் இறங்கும். தோள்வார் அவசியம்.

முதலாளி பாவித்த பழையதை வாங்கிக்கொள்ள வேண்டாம். ஒருமுறை சங்கிலி பட்டு இழை உருவப்பட்ட காற்சட்டை அதோடு முடிந்துவிட்டது. அதை வெளித்துணி தைத்து மறைத்திருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மேலும், காசை மிச்சப்படுத்தப் பழைய இஞ்சின் ஒயிலைச் சங்கிலிக்கு ஊற்றுவோர் இங்கு அநேகர். அந்த ஒயில் தெறித்து ஊறி இழைகளை ஒட்டவைத்துவிடுகிறது. எனவே புதியதையும் அடிக்கடி துவைக்க வேண்டும். சீட்டில் குறித்த வெப்பநிலையைத் தாண்டாத நீரில், வெளுப்பான் சேர்க்காமல் துவைத்து, மழைக்காலத்தில் எத்தனை நாள் ஆனாலும் காற்றோட்டமான நிழலிலேயே காயவிடுங்கள். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போடாதீர்கள். இழைகள் பெரும்பாலும் பிளாஸ்ரிக் வகையைச் சேர்ந்தவை, சூட்டில் இறுகிவிடும்.

கடைசியாக ஒன்று: பெற்றோல் வாளை விட்டு மின்கல வாளுக்கு மாற எண்ணினால், அதன் கையேட்டை முதலில் படியுங்கள். மின்மோட்டார் குறைந்த வேகத்திலும் பலமாக இழுப்பதால், இழைகள் சுற்றிக்கொண்ட பின்னரும் சங்கிலி நிற்காமல் போகலாம்.