முயல் ராத்திரியிலிருந்து எதுவும் தின்னவில்லை: திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டு முயல் பஞ்சுவுக்கு மூன்று வயது, பெண், எடை 1.8 கிலோ. நேற்று ராத்திரியிலிருந்து எதுவும் தின்னவில்லை. கிண்ணத்துக்கு ஓடி வருகிறாள், மோந்து பார்க்கிறாள், கேரட் துண்டை வாயில் எடுக்கிறாள், உடனே கீழே போட்டுவிடுகிறாள். அப்புறம் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஊரிலிருந்து உறவினர்கள் வந்து மூன்று நாள் தங்கிப் போனார்கள். பிள்ளைகள் பிஸ்கட்டும் சப்பாத்தியும் கொடுத்தார்கள். அதனால் அஜீரணமாக இருக்குமோ? பையனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது, ரெண்டு சொட்டு கொடுக்கலாமா டாக்டர்? நாளை ஞாயிறு. திங்கட்கிழமை வரை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

பதில்: இந்தக் கேள்வி ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. அன்றே அந்த அம்மாவுக்கு மூன்று வரியில் பதில் அனுப்பிவிட்டேன். காத்திருக்காதீர்கள், இன்று ராத்திரியே முயல் பார்க்கும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், அந்த சிரப்பைத் தொடவே தொடாதீர்கள். அவர்களும் கிளம்பிப் போனார்கள். பஞ்சு இப்போது நன்றாக இருக்கிறாள். முயல் வளர்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவர்களிடம் அனுமதி வாங்கி விரிவாக எழுதுகிறேன்.

நாயோ பூனையோ ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் நாம் பதறுவதில்லை. வயிறு சரியில்லை போல, நாளைக்குச் சாப்பிடும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியே ஆகும். முயலிடம் இந்தக் கணக்கு செல்லாது. முயலின் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். புல்லின் நார் உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் அது நகரும். நார் வருவது நின்றால் குடலின் அசைவு மந்தமாகும், வயிற்றில் இருப்பது நீர் வற்றிக் கெட்டிப்படும், உள்ளே வாயு சேரும், வாயு சேர்ந்தால் வலிக்கும். வலிக்கிற முயல் இன்னும் தின்னாது. இந்தச் சுழல் ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்பது அபூர்வம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் எதுவும் தின்னவில்லை என்றால் அதை அவசர நிலையாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கொழுத்த முயலாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பட்டினி கிடக்கும்போது உடம்பின் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலையே கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முயல் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. நரிக்கும் பருந்துக்கும் இரையாகிற ஜாதி அது. சோர்ந்து தெரிந்தால் முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் நம் கண்ணுக்கு 'கொஞ்சம் டல்லா இருக்கு' என்று தெரியும்போது உள்ளே நிலைமை முற்றியிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, வயிற்றைத் தரையில் அழுத்தி உட்கார்ந்திருந்தால் அது வலி. பல்லைக் கரகரவென்று சத்தம் கேட்க நெரித்தாலும் வலிதான். தலையைத் தடவிக் கொடுக்கும்போது லேசாகப் பல் உரசுமே, அது சுகத்தில் வருவது. ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, வீட்டில் முதலில் எதைப் பார்ப்பது? புழுக்கையைப் பாருங்கள். ஆரோக்கியமான முயலின் புழுக்கை கொண்டைக்கடலையை விடச் சற்றே சின்னதாக, உருண்டையாக, ஒரே அளவில் இருக்கும். விரலால் நசுக்கினால் காய்ந்த புல் தூளாக உதிரும். அது மிளகு அளவுக்குச் சிறுத்துவிட்டாலோ, நீர்த்துளி வடிவத்துக்கு மாறினாலோ, முடியில் கோத்த மணி மாதிரி தொங்கினாலோ குடல் மந்தமாகிறது என்று அர்த்தம். புழுக்கையே இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று ஒட்டிக்கொண்டு வருகிற இன்னொரு வகையும் உண்டு. அதை முயல் தானே வாய் வைத்துத் தின்றுவிடும், அதில்தான் அதற்கு வேண்டிய விட்டமினும் புரதமும் இருக்கிறது. அந்தக் கொத்து தின்னப்படாமல் தரையிலோ பின்பக்க முடியிலோ அடிக்கடி கிடந்தால் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

அடுத்து காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் உடல் சூடு சாதாரணமாக 101 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். காது சில்லென்று இருந்து உடம்பும் துவண்டிருந்தால் சூடு இறங்குகிறது. 100-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வண்டி ஏறுங்கள். இதற்கு நேர்மாறாக, ஏப்ரல் வெயிலில் ஷீட் போட்ட மொட்டை மாடிக் கூண்டில் இருந்த முயல், காது கொதித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெப்பத் தாக்கு. பெங்களூருதானே, இங்கே என்ன வெயில் என்று நினைக்க வேண்டாம். 30 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே முயல் திணறும். ஈரத் துணியால் காதை நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

வயிற்றையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், அழுத்தக் கூடாது. நன்றாக இருந்த முயல் திடீரென்று சுருண்டு, விலாவுக்குப் பின்னால் வயிறு மத்தளம் மாதிரி விம்மி இறுகியிருந்தால், குடலில் அடைப்பு இருக்கலாம். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மேலே வர வழியே இல்லை. அந்த நிலையில் நீங்கள் வாயில் ஊட்டும் ஒவ்வொரு ஸ்பூனும் வயிற்றை இன்னும் ஊத வைக்கும். ஊட்டுவதும் தேய்த்துவிடுவதும் வேண்டாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இப்போது அந்த அமாக்சிசிலின் விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனசோடு கொடுத்து முயலை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முயல் உயிரோடு இருப்பதே அதன் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களின் தயவில்தான். புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுவது அவைதான். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல கூட்டம் அழிந்து, விஷம் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நாட்களில் கழிச்சல் வந்து முயல் செத்துப்போகும். குழந்தைக்குப் பாதுகாப்பான மருந்து முயலுக்கும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காக நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் இப்படித்தான், முயலுக்கு ஆகாது.

ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர் எல்லாம் கேட்கிறார்கள். இனிப்பு சேர்ந்த எதுவும் ஏற்கெனவே புளித்துக் கிடக்கும் குடலுக்கு வேண்டாம். குழந்தைகளுக்கு வாயுவுக்குக் கொடுக்கும் சிமெதிகோன் சொட்டு பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ராத்திரியைக் கடத்திவிடுகிறார்களே, அதுதான் கெடுதல். வயிற்றில் முடி அடைத்திருக்கிறது, அன்னாசி சாறு கொடுத்தால் கரையும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அன்னாசி முடியைக் கரைக்காது. முயல் தன்னை நக்கிக்கொண்டே இருப்பதால் அதன் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கத்தான் செய்யும். குடல் ஓடும்வரை அது பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். குடல் நின்று நீர் வற்றும்போதுதான் உருண்டையாகிறது.

பஞ்சு கதைக்கு வருகிறேன். வந்திருந்த பிள்ளைகள் கொடுத்த பிஸ்கட்தான் காரணம் என்று அந்த அம்மா நினைத்தார். அதுவும் நல்லது செய்திருக்காது. ஆனால் கேள்வியிலேயே வேறொரு துப்பு இருந்தது. கிண்ணத்துக்கு ஓடி வருகிறாள், வாயில் எடுக்கிறாள், கீழே போட்டுவிடுகிறாள். வயிறு வலிக்கிற முயல் சாப்பாட்டுப் பக்கமே திரும்பாது. பசி இருந்தும் மெல்ல முடியாத முயல்தான் இப்படிச் செய்யும். டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்தபோது அடியில் முடி எச்சிலில் நனைந்து குச்சி குச்சியாக நின்றதாம். காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்ததில், இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் முள் மாதிரி ஒரு கூர் வளர்ந்து நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தது.

முயலுக்கு மொத்தம் 28 பல். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். புல்லை மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப் பல் தேயும். சோறு, சப்பாத்தி, கேரட், கடையில் விற்கும் உருண்டைத் தீவனம் இவற்றையெல்லாம் ரெண்டு கடியில் முழுங்கிவிடலாம், பல் தேயாது. கீழ்ப் பல்லின் கூர் நாக்கைக் குத்தும், மேல் பல்லின் கூர் கன்னத்தைக் குத்தும். உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்து 'பல் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கோளாறு பின்னால் இருக்கிறது.

சிகிச்சையின் வரிசையும் தெரிந்திருப்பது நல்லது. முதலில் வலிக்கு மருந்து, தோலுக்கடியில் திரவம், உடம்புக்குச் சூடு. அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகுதான் குடலை அசைக்கும் மருந்து. பஞ்சுவுக்கும் அப்படியே செய்து, மறுநாள் மயக்க மருந்து கொடுத்து அந்தக் கூரைத் தேய்த்துச் சமன்படுத்தினார்கள். மயக்க மருந்துக்கு முன்னால் நாய் பூனைக்குச் சொல்வது மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், தயங்காமல் கேள்வி கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணியைப் பட்டினி போட வேண்டிய காரணம் இல்லை, போட்டால் குடல்தான் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஊட்டுவது உங்கள் வேலை. கிரிட்டிக்கல் கேர் போன்ற நார்ச்சத்துத் தூளையோ, அது கிடைக்காவிட்டால் முயல் தீவன உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து மசித்ததையோ வாய் அகலமான சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லி என்பது பொதுக் கணக்கு. பஞ்சு எடைக்கு 18 முதல் 27 மில்லி, ஒரு நாளைக்கு நாலு வேளை. மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மேஜையில் ஒரு துண்டை விரித்து, முயலை அதில் பொட்டலம் மாதிரி சுற்றி, நாலு காலில் உட்கார்ந்தபடியே வையுங்கள். முன்பல்லுக்குப் பின்னால் பல்லில்லாத ஒரு சந்து இருக்கிறது, சிரிஞ்ச் நுனி அங்கே போக வேண்டும். அரை மில்லி விடுங்கள், தாடை அசைந்து முழுங்கும்வரை நிறுத்துங்கள், அடுத்த அரை மில்லி. ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகும். பொறுமையாகச் செய்யுங்கள், அவசரப்படுத்தினால் அதுவும் பயப்படும். தண்ணீரைப் பாட்டில் குழாயில் வைப்பதைவிடக் கனமான கிண்ணத்தில் வையுங்கள், அதிகம் குடிக்கும். கொத்தமல்லி, புதினாவை அலசி ஈரத்தோடு கொடுத்தால் அதிலும் கொஞ்சம் தண்ணீர் போகும்.

இனிமேல் என்ன கொடுப்பது? முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். இறக்குமதியாகும் டிமோத்தி உலர்புல் விலை அதிகம்தான். அதற்காகப் புல்லையே விட்டுவிட வேண்டாம். நம் அருகம்புல் முயலுக்கு நல்ல புல். பிள்ளையாருக்கென்று மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, கன்னடத்தில் கரிகே என்று கேட்டால் கொடுப்பார்கள். வாங்கி நன்றாக அலசி, நிழலில் உலர்த்தி, எப்போதும் கூண்டில் ஒரு கைப்பிடி இருக்கும்படி வையுங்கள். ஆனால் இதுவரை புல்லே தின்னாத முயலுக்கு ஒரே நாளில் பச்சையாகக் குவிக்க வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். தீவன உருண்டை ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் போதும். கேரட்டில் சர்க்கரை அதிகம், விரல்நுனி அளவு துண்டு எப்போதாவது. பிஸ்கட், சப்பாத்தி, சோறு அறவே வேண்டாம். விருந்தாளி வரும்போது கூண்டின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு சின்னப் பழக்கம். தினமும் காலையில் அதற்குப் பிடித்த கொத்தமல்லி ஒரு கிள்ளு நீட்டுங்கள். வழக்கமாகப் பாய்ந்து வாங்குகிற முயல் ஒரு நாள் முகத்தைத் திருப்பினால், அந்த நிமிஷத்திலிருந்து மணி பாருங்கள், புழுக்கையைப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள், சமையலறைத் தராசே போதும்.

முயல் பார்க்கும் டாக்டர் எல்லாக் கிளினிக்கிலும் இருக்க மாட்டார். முயல் நன்றாக இருக்கும்போதே ரெண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்து, முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் தேய்ப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்ளலாம். முருகேஷ்பாளையத்திலிருந்து மாலை டிராஃபிக்கில் அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். போகும்போது பையில் அது உட்கார்ந்த பழைய துணியைப் போட்டு, ஒரு கைப்பிடி புல்லும் வையுங்கள். அன்றைய புழுக்கையை ஒரு கவரில் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.

அம்மா, பஞ்சுவின் அந்தப் பல் மறுபடியும் வளரும். ஒருமுறை கூர் வந்த பல்லில் திரும்ப வருவது சகஜம். நன்றாகத்தான் தின்கிறாளே என்று விட்டுவிடாமல் ஆறு வாரத்தில் ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள். அதற்கு முன்பே தாடை நனைந்தால் அன்றே.