கடலடித் தந்தியும் மலாய்க் காட்டுப் பாலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தகவல்தொடர்பு வரலாறு என்றால் மோர்ஸ், பெல், மார்க்கோனி என்று மூன்று பெயரோடு பாடம் முடிந்துவிடுகிறது. அட்லாண்டிக் கடலடித் தந்தியைப் பற்றிப் படித்தபோது இரண்டு சந்தேகம் வந்தது. நிலத்தில் நன்றாக ஓடிய தந்தி, கடலுக்குள் போனதும் 1858-இல் ஒரு மாதம்கூடத் தாங்காமல் போனது ஏன்? ஐரோப்பிய, அமெரிக்கப் பொறியாளர்களைத் தவிர வேறு யாருக்கும் இதில் பங்கே இல்லையா?

– ஒரு பொறியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நிலத்தில் தந்திக் கம்பியைக் காற்றே காத்தது. கம்பத்துக்கு ஒரு பீங்கான் குமிழ் போதும். கடலில் உப்புநீர் செம்பைத் தொடவே கூடாது. தார் தோய்த்த சணலும் அந்தக் காலத்து ரப்பரும் தண்ணீருக்குள் நீடிக்கவில்லை. விடை மலாய்க் காடுகளில் இருந்தது. அங்கே ஒரு மரத்தின் பாலை உறையவைத்து, வெந்நீரில் இளக்கி, பராங் என்ற வெட்டுக்கத்திக்குப் பிடி செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் குட்டா பெர்ச்சா. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்காமரி 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கண்டுபிடித்தவர் என்று பல இடங்களில் அவர் பெயரைப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும் என்ற அறிவு மலாய் மக்களுடையது. 1847-இல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ், கம்பியைச் சுற்றித் தையலே இல்லாமல் அதைப் பிழிந்து போர்த்தும் இயந்திரம் செய்தபோது நம்பியதும் அதே குணத்தைத்தான்.

ரப்பர் மரம்போல் கீறிவிட்டுக் கிண்ணம் வைத்தால் இந்தப் பால் வடியாது. கீறிய இடத்திலேயே கெட்டிப்படும். எனவே மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, சுமார் ஓர் அடிக்கு ஒரு வளையமாகப் பட்டையை வெட்டி, அதில் உறைந்ததைச் சுரண்டி, கொதிநீரில் பிசைந்து கட்டியாக்குவார்கள். ஒரு முழு மரத்துக்குச் சில நூறு கிராம், மிஞ்சினால் ஒன்றிரண்டு கிலோ. 1858 கேபிளிலோ ஒரு கடல் மைலுக்கு 261 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 118 கிலோ உறை. எத்தனை காடு விழுந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டியவர்கள் மலாய்க்காரர்களும் போர்னியோவின் தயாக் மக்களும். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பாடத்திலும் இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. செம்பு, உறை, சுற்றிலும் கடல்நீர்: இந்த மூன்றும் சேர்ந்து நீளமான ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்பு ஆகிவிடுகின்றன. ஒரு முனையில் கொடுத்த துடிப்பு மறுமுனையில் மெல்ல ஏறி மெல்ல வடியும். அடுத்த துடிப்போடு கலந்துவிடும். கேபிளின் நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் முன்பே கணக்கிட்டிருந்தார். செம்பையும் உறையையும் தடிப்பாக்கு, மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவியை வை என்பது அவர் வழி. கேபிளைப் போட்ட நிறுவனத்தின் மின்னியலாளர் வைட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. பெரிய தூண்டல் சுருள்களை வைத்து சுமார் 2,000 வோல்ட்டை ஏற்றினார்.

உறையும் அதற்கு முன்பே பழுதுபட்டிருந்தது. செய்த கேபிளைத் திறந்தவெளியில் வெயிலில் சுருட்டி வைத்திருந்தார்கள். குட்டா பெர்ச்சா இளகினால் உள்ளே செம்பு நடுவிலிருந்து நகர்ந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அங்கே உறை மெலிந்துவிடும். உயர் மின்னழுத்தம் தேடிப் பிடிப்பது அந்த இடத்தைத்தான். விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்துக்குச் சுமார் 16 மணி நேரம் ஆனது. செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் ஊமையாகிவிட்டது.

பிறகு திருத்தினார்கள். செம்பு கடல் மைலுக்கு 107 பவுண்டிலிருந்து 300 ஆனது, உறை 400 ஆனது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சோதனை முறை. உறையிட்ட கம்பியை 24 மணி நேரம் 75 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் ஊறவைத்த பிறகே மின்காப்பை அளந்தார்கள். வெப்பம் மாறினால் குட்டா பெர்ச்சாவின் மின்தடை வெகுவாக மாறும். குளிரில் அளந்தால் கெட்ட கம்பியும் நல்லதாகத் தெரியும்.

1866-இல் இரண்டு கேபிள்கள் வேலை செய்யத் தொடங்கின. தந்திப் பொறியாளர் லாட்டிமர் கிளார்க் அவற்றை வட அமெரிக்கக் கரையிலிருந்த நியூஃபவுண்ட்லாந்து முனையில் ஒன்றாக இணைக்கச் சொன்னார். அயர்லாந்தில் ஒரு வெள்ளித் தையல் விரலுறை, சிறு துத்தநாகத் துண்டு, சில சொட்டு அமிலம் ஆகியவற்றால் ஒரு மின்கலம் செய்து, கடலைப் போகவும் வரவும் கடந்த அந்த வட்டத்தில் குறிகளை அனுப்பினார். தாம்சனின் மின்னோட்டம் காட்டும் கருவிக்குள் பட்டு நூலில் தொங்கிய சின்னஞ்சிறு கண்ணாடி அசைந்தது. அதில் பட்டுத் திரும்பிய விளக்கொளி அளவுகோலில் இடமும் வலமும் ஓடியது. மோர்ஸ் குறியின் புள்ளிக்கு ஒரு பக்கம், கோட்டுக்கு மறுபக்கம்.

அந்த ஒளிப்புள்ளியைப் பார்த்து எழுத்தாக்கியவர்கள் தந்தி எழுத்தர்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நிலத்தந்தியில் 1846-லேயே அமெரிக்காவின் லோவல் நகரில் சாரா பாக்லி என்ற பெண் பொறுப்பேற்றிருந்தார். நெசவாலைத் தொழிலாளர்களுக்குப் பத்து மணி நேர வேலைநாள் கேட்டுப் போராடியவர். நீங்கள் மேலே படிக்க நினைத்தால் அடுத்து அவரைப் படியுங்கள்.